பொதுக் கணினியில் லிப்ரே ஆபிஸ்: எந்த இயல்பிருப்புகளை மாற்றி வைப்பது?

கரிசல்மண்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் பொதுமக்கள் பயன்படுத்தும் கணினிகளில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலகத் தொகுப்பை நிறுவித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் தட்டுகிற இளைஞர்கள், மனு எழுதுகிற பெரியவர்கள், பள்ளித் திட்டப்பணி செய்கிற பிள்ளைகள், தன் கவிதைகளைத் தொகுக்கிற ஒருவர் என்று பல தரப்பட்டவர்கள் வருகிறார்கள். இவர்களில் யாரும் 'டூல்ஸ்' மெனுவில் இருக்கும் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தைத் திறக்கப்போவதில்லை. திறந்ததும் எது இருக்கிறதோ அதில்தான் தட்டுவார்கள், அதிலேயே சேமிப்பார்கள், அதையே அச்செடுப்பார்கள். நான் வைத்துவிட்டுப் போகிற இயல்பிருப்புகள்தான், அதாவது யாரும் மாற்றாதவரை தானாக இருக்கும் அமைப்புகள்தான், அவர்களுக்கு மென்பொருள். அதனால் யோசித்துச் செய்ய விரும்புகிறேன்.

ஒன்றை முடிவு செய்துவிட்டேன்: தாள் அளவு ஏ4. ஆங்கிலம் (அமெரிக்கா) என்ற வட்டார அமைப்போடு நிறுவினால் அதன் சொற்செயலியான ரைட்டர் 'லெட்டர்' தாளில் திறக்கிறது. லெட்டர் 215.9 × 279.4 மி.மீ., ஏ4 210 × 297 மி.மீ. நம் ஊரில் லெட்டர் தாளை யார் வாங்குகிறார்கள்? வட்டாரத்தை இந்தியாவுக்கு மாற்றினாலே இது சரியாகிவிடும்.

எழுத்துரு, தட்டியதைத் தானாகத் திருத்தும் ஆட்டோகரெக்ட், சேமிக்கும் வடிவம், பழைய மெனுவா டேப் முறையா என்பதையெல்லாம் உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

அச்சகத்தெரு

நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். தாள் அளவை முதலில் சொன்னீர்களே, ரொம்பச் சரி. பென்டிரைவில் வருகிற கோப்பு லெட்டர் அளவில் இருந்தால், அச்சுப்பொறி ஒன்று சுருக்கி அடிக்கும், அல்லது கீழே பட்டையாக வெற்றிடம் விடும். வாடிக்கையாளருக்கு எதனால் என்று புரியாது. "வீட்ல பார்த்தப்போ சரியா இருந்துச்சே" என்பார். அவர் மேல் தப்பே கிடையாது.

சேமிக்கும் வடிவத்தை வேர்டின் வடிவமான டாக்எக்ஸ் ஆக்கி வையுங்கள். லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓ.டி.டி. நல்ல வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூலகத்தில் தட்டியதை அவர் கொண்டுபோகிற இடத்தில் வேர்டுதான் இருக்கும். அங்கே நிற்கும்போது அவருக்கு உதவ யாரும் இருக்க மாட்டார்கள்.

நிரல்வழி

டாக்எக்ஸை இயல்பிருப்பாக வைத்தால் கூடவே இன்னொன்றையும் செய்ய வேண்டும். டாக்எக்ஸில் சேமிக்கும்போது தொல்லை இல்லை, ஆனால் பழைய 'டாக்' போன்ற வேறு வடிவக் கோப்பைச் சேமிக்கும்போது "தற்போதைய வடிவத்தையே வைத்துக்கொள்ளவா?" என்று ஒரு பெட்டி எழும். 'லோட்/சேவ்' பகுதியில் 'ஓ.டி.எஃப். அல்லது இயல்பிருப்பு வடிவத்தில் சேமிக்காதபோது எச்சரி' என்று ஒரு குறி இருக்கும் (ஓ.டி.எஃப். என்பது ஓ.டி.டி. சேர்ந்த வடிவக் குடும்பம்), அதை எடுத்துவிடுங்கள். எச்சரிக்கைப் பெட்டி எப்போதாவது வந்தால்தான் மனிதர்கள் படிப்பார்கள். தினமும் வந்தால் படிக்காமல் அழுத்தப் பழகிவிடுவார்கள், உண்மையிலேயே ஆபத்தான பெட்டி வரும் நாளிலும் அதே கை அதே வேகத்தில் அழுத்தும்.

ஒற்றுப்பிழை

பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறவன் நான். என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டியது ஆட்டோகரெக்ட்.

காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன். வயதானவர்கள் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டுகிறார்கள். அந்த எழுத்துருக்களில் கணினி பார்ப்பது ஆங்கில எழுத்தை, நம் கண் பார்ப்பது தமிழ் வடிவத்தை. பாமினியில் சிறிய 'வி' தட்டினால் எ, பெரிய 'வி' தட்டினால் ஏ. சிறிய 'எம்' அ, பெரிய 'எம்' ஆ. சிறிய 'சி' உ, பெரிய 'சி' ஊ. இப்போது 'வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு' என்ற விதியை நினைத்துப் பாருங்கள். மென்பொருள் இதை ஆங்கிலம் என்றே நம்பி, முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறது. "என் மகன்" என்று தொடங்கிய பத்தி "ஏன் மகன்" ஆகிறது. "அம்மா" "ஆம்மா" ஆகிறது. "உன்" "ஊன்" ஆகிறது.

"ஆம்மா" என்றால் கண்ணில் பட்டுவிடும். "ஏன்", "ஊன்" இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள், அதனால் வேகமாகப் படிக்கும் கண் தாண்டிப் போய்விடும். அச்சான புத்தகங்களில் பத்தியின் முதல் சொல்லில் மட்டும் நெடில் வந்து நிற்பதைப் பார்த்தால் நான் உடனே ஆட்டோகரெக்டைத்தான் சந்தேகிப்பேன். எழுதியவருக்கு எழுதத் தெரியவில்லை என்று வாசகர் நினைப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருவர் தட்டியதை அவருக்குத் தெரியாமல் மாற்றுகிற எந்த வசதியும் பொதுக் கணினியில் இயங்கவே கூடாது.

யாழ்வாசி

ஒற்றுப்பிழை சொல்வது முற்றிலும் உண்மை. இலங்கையில் பாமினி இன்னும் நிறையப் புழங்குகிறது, பழைய கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இன்னொரு விதியையும் சேர்த்து நிறுத்துங்கள்: சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளும் பெரிதாக இருந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் விதி. பாமினியில் பெரிய 'டபிள்யூ' என்றால் று, சிறியது என்றால் ற. "ஆறும்" என்று தட்டினால் அது "ஆறம்" ஆகிவிடும்.

தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் தட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது என்பதால் இந்த விதிகள் தமிழை ஒன்றும் செய்வதில்லை. அதாவது இவற்றை அணைத்து வைத்தால் தமிழுக்கு நட்டமே இல்லை. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுபவர் ஷிஃப்டை அழுத்திக்கொள்வார்.

நிரல்வழி

இந்த இரண்டு விதிகள் விஷயத்தில் நானும் உடன்படுகிறேன். ஆனால் பொதுவாக ஒரு எச்சரிக்கை: கையில் கிடைத்த இயல்பிருப்பையெல்லாம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.

வேர்டு 2003 வரை வெற்று ஆவணம் என்றால் டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, ஒற்றை வரி இடைவெளி. 2007இல் அது காலிப்ரி 11 ஆனது, வரி இடைவெளி 1.15, ஒவ்வொரு பத்திக்கும் பின்னால் 10 புள்ளி. 2013இல் 1.08, 8 புள்ளி. 2023இல் ஆப்டோஸ் எழுத்துரு வந்தது. பழைய கோப்புகள் தங்கள் அமைப்பைத் தாங்களே சுமந்துகொண்டிருப்பதால் அவை மாறவில்லை. ஆனால் முகவரியை வரி வரியாக என்டர் தட்டி எழுதுகிறவர்களுக்கு, 2007க்குப் பிறகு வரிக்கு வரி ஒரு பள்ளம் விழத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியாது. வெற்றுவரி விடாமல் பத்தி பிரிப்பது வடிவமைப்பில் நல்ல முறைதான். இருந்தும் கடிதம் எழுதும் கை வேறு மாதிரி பழகியிருந்தது.

தட்டியதை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால் விரிதாளையும் சொல்ல வேண்டும். எக்செல் 'மார்ச்1' என்பதுபோன்ற மரபணுக் குறியீடுகளைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 27 மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றிவிட்டதாக 2020இல் செய்தி வந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை 2023இல்தான் சேர்த்தது. ஒரு மென்பொருளின் இயல்பிருப்புக்காக அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொள்ள நேர்ந்திருக்கிறது.

குமாஸ்தா

வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எழுத்துருவும் இடைவெளியும் பற்றிச் சண்டையே வேண்டாம், வார்ப்புரு (டெம்ப்ளேட்) செய்து வையுங்கள். உச்ச நீதிமன்றத்தில் 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாள், இரு பக்க அச்சு, டைம்ஸ் நியூ ரோமன் 14, ஒன்றரை வரி இடைவெளி, இடம் வலம் 4 செ.மீ., மேல் கீழ் 2 செ.மீ. என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மேற்கோளுக்கு 12, ஒற்றை இடைவெளி. இப்படி விதி இருக்கும் இடத்தில் பொது இயல்பிருப்பு எதுவாக இருந்தாலும் பயன் இல்லை. மனு, விண்ணப்பம், தன்விவரம் என்று மூன்று நான்கு வார்ப்புருக்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நம் ஊரில் யாரும் வெற்று ஆவணத்திலிருந்து கடிதம் எழுதுவதில்லை. போன மாதக் கடிதத்தைத் திறப்போம், தேதியையும் பெயரையும் மாற்றுவோம், கடைசியில் 'சேவ் ஆஸ்' போட்டு வேறு பெயர் கொடுப்போம். அலுவலகமெல்லாம் இப்படித்தான் ஓடுகிறது. இப்போது வேர்டில் கோப்பு மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இருந்தால் 'ஆட்டோசேவ்' தானாகவே இயங்குகிறது. தேதியை மாற்றிய அந்த நொடியே பழைய கடிதம் போய்விட்டது. மெனுவிலும் 'சேவ் ஆஸ்' இருந்த இடத்தில் 'சேவ் எ காபி' இருக்கிறது. அதை அழுத்தினால் புதிய பெயரில் ஒரு நகல் கிடைக்கும், ஆனால் மூலம் ஏற்கெனவே மாறியிருக்கும். பழைய வடிவங்களை வரலாற்றிலிருந்து மீட்கலாம்தான். மீட்கலாம் என்று தெரிந்தவருக்குத்தானே அது உதவும்?

நூலகக் கணினியிலும் இதே பழக்கத்தோடுதான் வருவார்கள். அதற்கு என்ன ஏற்பாடு?

கரிசல்மண்

குமாஸ்தா சார், இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. லிப்ரே ஆபிஸில் இந்த ஆபத்து குறைவு. அதில் இரண்டு வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, மின்சாரம் போனால் மீட்டுத் தருவதற்காக அவ்வப்போது ஒரு நகலை வேறு இடத்தில் வைப்பது. மற்றது, கோப்பையே தானாகச் சேமிப்பது. முதலாவதை மட்டும் இயக்கி வைக்கப்போகிறேன், இடைவெளியைப் பத்து நிமிடத்திலிருந்து குறைத்து. எங்கள் ஊர் மின்சாரத்துக்குப் பத்து நிமிடம் அதிகம். இரண்டாவது அணைந்தே இருக்கும்.

சேமிக்கும்போது முந்தைய வடிவத்தைக் காப்புப் பிரதியாக வைக்கும் வசதியும் உண்டு. 24.2 பதிப்பிலிருந்து மீட்பு, காப்புப் பிரதி இரண்டுமே தொடக்கத்திலேயே இயங்குகின்றன. புதிதாக வருபவர்கள் எழுதியதை இழக்கும் வாய்ப்பைக் குறைக்கத்தான் இப்படி மாற்றியதாக லிப்ரே ஆபிஸை வெளியிடும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனே சொன்னது. நல்ல இயல்பிருப்புக்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இதுதான்.

நிரல்வழி

பெயர் வைத்த விதத்தையும் கவனியுங்கள். வேர்டில் 'ஆட்டோசேவ்' ஒன்று, 'ஆட்டோரிகவர்' ஒன்று. முதலாவது மூலக் கோப்பையே மாற்றும், ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்டில் இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டாவது மூலத்தைத் தொடாது. இரண்டின் பெயரும் மேலோட்டமாகப் பார்க்கும்போது ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே என் கோப்புக்கு என்ன ஆகும் என்பது அதன் பெயரிலிருந்து தெரிய வேண்டும். அதற்கு நீளமான பெயர் வைத்தாலும் பரவாயில்லை.

ஆப்பிளும் இதில் அடிபட்டிருக்கிறது. 2011இல் மேக் கணினிகளுக்கான லயன் பதிப்பில் 'சேவ் ஆஸ்' கட்டளையை எடுத்துவிட்டு 'டூப்ளிகேட்' வைத்தார்கள். முதலில் நகல் எடு, பிறகு திருத்து என்பது கொள்கையாகப் பார்த்தால் பாதுகாப்பானது. ஆனால் மனிதர்கள் முதலில் திருத்திவிட்டுத்தானே பெயர் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டே, ஆப்ஷன் விசையை அழுத்தினால் தெரியும்படி 'சேவ் ஆஸ்' திரும்பி வந்தது.

அச்சகத்தெரு

கூடவே ஒரு யோசனை. வார்ப்புருவைத் திறந்தால் பெயரில்லாத புது ஆவணம்தான் வரும், மூலம் அழியாது. குமாஸ்தா சொன்ன மூன்று நான்கு கடிதங்களையும் உண்மையான வார்ப்புருக் கோப்பாகவே சேமித்து, முகப்பில் தெரியும்படி வையுங்கள். "பழைய கடிதத்தைத் திறந்து மாற்றும்" பழக்கத்துக்கே அது பாதுகாப்பான வழி.

வகுப்பறை

அரசுப் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். மெனுவைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தயவுசெய்து மெனுவிலிருந்து எதையும் மறைக்காதீர்கள். "குழப்பாமல் இருக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில் சிலர் மறைக்கிறார்கள். ஆபிஸ் 2000 இதைத்தான் செய்தது. அதிகம் பயன்படாத கட்டளைகளை மெனுவிலிருந்து ஒதுக்கி, கீழே இரட்டை அம்புக்குறி வைத்தது. பயன்படுத்தப் பயன்படுத்த மெனுவின் வரிசை ஆளுக்கு ஆள் மாறியது. கற்பிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. "மூன்றாவதாக இருப்பதை அழுத்து" என்றால் ஒவ்வொரு மேசையிலும் மூன்றாவது வேறாக இருக்கும். 2007இல் மெனுவுக்குப் பதிலாகப் பொத்தான்கள் கொண்ட ரிப்பன் பட்டை வந்தபோது அந்த முறையையே கைவிட்டுவிட்டார்கள்.

லிப்ரே ஆபிஸில் 2019இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து ரிப்பனைப் போன்ற டேப் முறையும் முழுமையாகக் கிடைக்கிறது. பிள்ளைகள் வேர்டில் ரிப்பனைத்தான் பார்த்து வளர்கிறார்கள், அதனால் டேப் முறை அவர்களுக்கு எளிது. பெரியவர்களுக்குப் பழைய மெனு. எதை வைத்தாலும் எல்லாக் கணினியிலும் ஒன்றையே வையுங்கள் அண்ணா. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் பலர் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, மெனுப் பெயருக்குப் பின்னால் வரும் மூன்று புள்ளிகள். அழுத்தியதும் வேலை நடந்துவிடாது, இன்னும் ஏதோ கேட்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். வேர்டு 2003இல் மெனுவில் இருந்த 'பிரின்ட்' மூன்று புள்ளிகளோடு இருக்கும், பெட்டி திறக்கும். கருவிப்பட்டையில் இருந்த அச்சுப்பொறிப் படம் பெட்டியே திறக்காமல் முழு ஆவணத்தையும் அச்சுக்கு அனுப்பிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர். ஒரு பக்கம் வேண்டியவருக்கு நாற்பது பக்கம் வந்து விழும். லிப்ரே ஆபிஸில் 'பிரின்ட் டைரக்ட்லி' என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்தப் பொத்தான் உங்கள் கருவிப்பட்டையில் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மறைக்கக் கூடாது என்ற என் விதிக்கு இது ஒன்றே விலக்கு. நூலகத்தில் பக்கத்துக்குக் காசு வாங்குகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம்.

ஒற்றுப்பிழை

தமிழ் எழுத்துருவுக்கு வருவோம். இதை நான் வலியுறுத்தியே ஆக வேண்டும்.

லிப்ரே ஆபிஸ் ஒரே பத்திக்குள் மூன்று எழுத்துரு அமைப்புகளை வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு ஒன்று, சி.டி.எல். (சிக்கலான எழுத்தமைப்பு) என்று அவர்கள் சொல்லும் வகைக்கு ஒன்று. தமிழ் இந்த மூன்றாவதில் வருகிறது. ஆங்கில அமைப்போடு நிறுவிய கணினியில் அந்த மூன்றாவது இடத்தில் பெரும்பாலும் லோகித் தேவநாகரியோ மங்களோ உட்கார்ந்திருக்கும், மொழி இந்தி என்று குறித்திருக்கும். தேவநாகரி எழுத்துருவில் தமிழ் எழுத்து இல்லை. எனவே கணினி தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைத் தானே எடுத்துக் காட்டுகிறது. மேலே பெட்டியில் ஒரு பெயர், திரையில் வேறு எழுத்துரு. வேறு கணினிக்குக் கொண்டுபோனால் அங்கே வேறொன்றை எடுக்கும், வரி உடையும் இடம் மாறும், பன்னிரண்டு பக்கம் பதினான்கு பக்கம் ஆகும். மொழி இந்தி என்று குறித்திருந்தால், தமிழ்ச் சொல்திருத்தி நிறுவியிருந்தாலும் அந்த உரையை அது தொடாது.

செய்ய வேண்டியது சுலபம். மொழி அமைப்புப் பக்கத்தில் சி.டி.எல். மொழியைத் தமிழ் ஆக்குங்கள். அப்புறம் ரைட்டரின் 'பேசிக் ஃபான்ட்ஸ்' சி.டி.எல். பக்கத்தில் ஒரு நல்ல தமிழ் எழுத்துருவைப் போடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் என் விருப்பம். இலவசம், யார் வேண்டுமானாலும் நிறுவலாம். தடித்த எழுத்தும் தனியாக வரையப்பட்டிருக்கிறது, அதனால் கணினி செயற்கையாகத் தடிக்க வைக்க வேண்டியதில்லை.

அழுத்தம் கொடுக்கும் பாணியையும் பாருங்கள். இயல்பாக அது சாய்வெழுத்து. தமிழைச் சாய்த்தால் வளைவுகள் எல்லாம் ஒரு பக்கம் விழுவதுபோல இருக்கும், படிக்கக் கண் வலிக்கும். தடித்த எழுத்தாக மாற்றிவிடுங்கள்.

யாழ்வாசி

தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினால் வரிக்கு வரி இடைவெளி ஏறி இறங்கும், அதையும் கவனியுங்கள். தமிழ் எழுத்துருவின் வரி உயரம் ரைட்டரின் இயல்பான ஆங்கில எழுத்துருவான லிபரேஷன் செரிஃபைவிட அதிகம். நிலையான இடைவெளி வைத்தால் சீராகும், ஆனால் யாராவது எழுத்தைப் பெரிதாக்கினால் மேல் பகுதி வெட்டுப்படும். பொதுக் கணினிக்கு நிலையான இடைவெளி வேண்டாம் என்பது என் கருத்து. ஏறி இறங்கினாலும் படிக்கலாம், வெட்டுப்பட்டால் படிக்க முடியாது.

அச்சகத்தெரு

ஒட்டுவதையும் மாற்றிவிடலாமா? வலைப்பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினால் பின்னணி நிறம், கட்டம், நீல இணைப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. இப்படி வந்த கோப்புகளைச் சுத்தம் செய்வதிலேயே என் பாதிப் பொழுது போகிறது. வெறும் உரையாக ஒட்டுவதையே இயல்பிருப்பு ஆக்குங்கள்.

வகுப்பறை

இதற்கு நான் உடன்படவில்லை. பிள்ளைகள் ஒரு ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்கு அட்டவணையை எடுத்து ஒட்டுவார்கள். கட்டம் எல்லாம் போய்ச் சொற்கள் மட்டும் வந்தால் "கணினி கெட்டுப்போச்சு" என்பார்கள். கன்ட்ரோல்+வி அழுத்தினால் எடுத்தது அப்படியே வரும் என்ற நம்பிக்கையை உடைக்கக் கூடாது.

நிரல்வழி

நானும் அவர் பக்கம்தான். குறுக்குவிசையைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் விசைகளும் ஒத்துப்போகவில்லை: கூகுள் டாக்ஸிலும் 2023 முதல் வேர்டிலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி வெறும் உரையாக ஒட்டும். லிப்ரே ஆபிஸில் அதே விசை ஒரு பெட்டியைத் திறந்து எப்படி ஒட்டுவது என்று கேட்கும். வெறும் உரைக்குக் கூடவே ஆல்ட்டையும் அழுத்த வேண்டும். 'கஸ்டமைஸ்' பகுதியில் போய் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி விசையை வெறும் உரைக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியை இழப்பவர் அநேகமாக யாரும் இல்லை.

அச்சகத்தெரு

விசை அழுத்துகிறவர் யார் என்பதுதான் என் கேள்வி. என் கடைக்கு வருகிறவர்கள் எலியின் வலப்பொத்தானை அழுத்தித்தான் ஒட்டுகிறார்கள்.

கரிசல்மண்

சரி, ஒட்டுவதை அப்படியே விடுகிறேன், விசையை மட்டும் மாற்றுகிறேன். வலப்பொத்தான் மெனுவில் வெறும் உரையாக ஒட்டும் கட்டளையைச் சாதாரண ஒட்டலுக்கு நேர் கீழே கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன். அது கைகூடினால் அச்சகத்தெரு அண்ணனுக்கும் கொஞ்சம் நிம்மதி.

மெனு எல்லாக் கணினியிலும் பழைய முறையே. எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் பெரியவர்களே அதிகம். இடைமுக மொழியை ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனியாக வைக்கலாம் என்பதால் தமிழ் இடைமுகத்தோடு ஒரு கணக்கு, ஆங்கிலத்தோடு ஒரு கணக்கு. வார்ப்புருக்களுக்கு குமாஸ்தா சாரிடம் மாதிரி கேட்டுத் தனிமடல் அனுப்புகிறேன்.

குமாஸ்தா

அனுப்புங்கள், தருகிறேன். ஒரு சந்தேகம்: யாராவது ஆப்ஷன்ஸில் புகுந்து மாற்றிவிட்டுப் போனால்? அடுத்தவருக்கு அதுதானே இயல்பிருப்பு ஆகும்?

நிரல்வழி

பயனர் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் அவருடைய சுயவிவர அடைவில் 'ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ்.எக்ஸ்.சி.யு.' என்ற ஒரே கோப்பில்தான் பதிவாகின்றன. எல்லாம் சரியாக வைத்த பிறகு அந்தக் கோப்பைப் படியெடுத்து ஓரிடத்தில் வையுங்கள். கணினி தொடங்கும்போது அதை மறுபடி அந்த அடைவில் இடும்படி ஒரு சிறிய நிரல் போதும். வார்ப்புருக்கள் அடைவையும் கூடவே படியெடுங்கள், அவை அந்தக் கோப்புக்குள் வராது. இயல்பு வார்ப்புருவாக எதைக் குறித்தீர்களோ அதன் பாதை எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் வெற்று ஆவணம் பழையபடியே திறக்கும். பழைய பதிப்பிலிருந்து எடுத்ததைப் புதிய பதிப்பில் போடும் முன் ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

கரிசல்மண்

இதைச் செய்துவிடுகிறேன். முதலில் ஒரு கணினியில் பாமினியில் "என் மகன்" தட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மற்றவற்றுக்குப் படியெடுக்கிறேன்.